பந்தயக் களத்தில் டீசல் எஞ்சின்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சார்ந்த நிலப்பகுதியில் அமைந்துள்ளது மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர். தமிழ்நாட்டுச் சமணர்களின் திருமடம் விளங்கும் இடமாதலின் அதன் பெயர் தொலைவிலுள்ளோர்க்கும் தெரிந்ததாகும். பார்சுவநாதர் கோயிலைக் காண வருவோர் ஊரை நெருங்கும்போது, சாலையின் இருமருங்கும் நெல் வயல்களையும் மணிலாக் கொல்லைகளையும் காண்பர். மணிலாக்கொட்டையை அப்பகுதி மக்கள் மல்லாட்டை என வழங்குவர். ஏரியும் கிணறும் அவ்வட்டாரத்து வேளாண்மைக்கு உயிர்நாடிகள்.

கிணற்று நீரை இறைக்க ஒரு காலத்தில் கவலை மாடுகள் முன்னும் பின்னும் நடந்தன. பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. அதனை ஓட்டத் தொடங்குவது ஒரு சிறு சடங்கு போன்றது. ஒரு கையால் தலைப்பிலுள்ள சிறு நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கனத்த சக்கரம் வேகம் பெற்றதும் நெம்புகோலை விட்டுவிட, எஞ்சின் ஒரு முறை இருமும், கரும்புகை கக்கும், பிறகு 'டக், டக்' என ஊர் முழுதும் கேட்க ஓடத் தொடங்கும். மின்சார மோட்டார் வந்தபின் பல கிணற்றடிகளில் அதற்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஆயினும் அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எளிதில் மறவார்.

இந்த எஞ்சினைச் சுட்டிக் காட்டி, "இது பந்தயத்தில் ஓடும், ஓடி வெல்லவும் செய்யும்" என்று ஒருவர் கூறினால் நாம் நகைப்போம். ஏர் உழும் எருமையைக் குதிரைப் பந்தயத்தில் விடுவது போன்றதன்றோ அது! எனினும், உலகின் மிகக் கடிய மோட்டார்ப் பந்தயங்களுள் ஒன்றில், 2006 முதல் 2014 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் வென்றவை டீசல் எஞ்சின் பூட்டிய வண்டிகளே. அவற்றுள் ஒருவகை வண்டியை ஓட்டுவதற்குத் தமிழர் ஒருவரும் அங்குச் சென்றார். அவருக்கு நேர்ந்ததைப் பின்னர்க் கூறுவோம். முதலில் எருமை குதிரையை வென்ற வகையை அறிதல் வேண்டும்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை நீங்கள் கையாண்டிருப்பீர்கள். விரைந்து அடித்த பின் அதன் அடிப்புறத்தைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடேறும் என்பதே காரணம். டீசல் எஞ்சினின் மறைபொருள் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலேறும்போது, உள்ளிருக்கும் காற்று தன் பருமனில் பதினாறில் ஒரு பங்காகவோ இருபதில் ஒரு பங்காகவோ நெருக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேற்செல்லும். அந்தக் கொதிக்கும் காற்றில் நாசில் வழியாக எண்ணெயைப் பனிப்புகை போலத் தெளித்தால், தீக்குச்சியின் உதவி இன்றித் தானே பற்றி எரியும். எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அத்தள்ளுதலே நமக்கு வேண்டிய ஆற்றல்.

பெட்ரோல் எஞ்சினில் இவ்வாறு செய்வதில்லை. அங்குக் காற்றும் பெட்ரோல் ஆவியும் முன்னரே கலந்து உட்செல்லும். அக்கலவையை அளவுக்கு மீறி நெருக்கினால் காலமல்லாக் காலத்தில் தானே வெடித்து எஞ்சினைக் கெடுக்கும். எனவே ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கி, மின்பொறியால் பற்றவைப்பர். நெருக்கம் குறைந்தால், எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் குறையும். ஒரே அளவு எண்ணெயில் டீசல் எஞ்சின் கூடுதலான தொலைவு செல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். ஒரு லிட்டர் பெட்ரோலைக் காட்டிலும் ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பம் சற்று மிகுதி என்பது மற்றொன்று.

இம்முறையைக் கண்டவர் ருடால்ப் டீசல் என்னும் செருமானியப் பொறியியலறிஞர். 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தவர். நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதைக் கண்டு வருந்தி, அவ்வீணடிப்பைக் குறைக்கப் பல்லாண்டுகள் முயன்றார். 1897-இல் ஆக்சுபர்க்கு நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்தில் அது பெருஞ்செயல். 1900-இல் பாரிசில் நடந்த பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் எந்த எண்ணெயில் ஓடியது தெரியுமா? மணிலா எண்ணெயில்! மேல்சித்தாமூர்க் கொல்லைகளில் விளையும் அதே மல்லாட்டையின் எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களில் பலர் வேறுபாட்டையே உணரவில்லை என்று டீசல் பின்னாளில் எழுதினார்.

சிக்கனமும் உழைப்பும் வாய்ந்த இந்த எஞ்சினைப் பந்தயக்காரர்கள் நெடுங்காலம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. மிக நெருக்கிய காற்றின் அழுத்தத்தைத் தாங்க உருளையும் பிஸ்டனும் கனமாக இருத்தல் வேண்டும். வார்ப்பிரும்பே ஏற்றது எனக் கருதினர். கனமான உறுப்புகளை மிக விரைவாக ஆட்டுவது அரிது. மேலும், தெளித்த எண்ணெய் காற்றுடன் கலந்து எரிய ஒரு சிறு நேரம் தேவை. எஞ்சினின் சுழற்சி மிகுந்தால் அந்நேரம் கிடைப்பதில்லை. ஆகவே டீசல் எஞ்சின் மெல்லச் சுழன்று வலுவாக இழுக்கும் இயல்புடையது. லாரிக்கும், கப்பலுக்கும், கிணற்றுக்கும் அது பொருந்தும். சீறிப் பாயும் பந்தய வண்டிக்கு?

இவ்வினாவுக்கு விடை காண முதலில் துணிந்தவர் கிளெசி கம்மின்ஸ் என்ற அமெரிக்கர். இந்தியானா மாநிலத்தில் டீசல் எஞ்சின் செய்யும் தொழில் நடத்தியவர். அவருடைய ஊருக்கு அண்மையிலுள்ள இந்தியானாபொலிசில், 500 மைல் தொலைவுப் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுவது வழக்கம். 1931-இல் டீசல் எஞ்சின் பூட்டிய வண்டியொன்றை அவர் அங்குக் கொண்டுவந்தார். டேவ் எவன்ஸ் என்பவர் அதனை ஓட்டினார். வென்ற வண்டி சராசரியாக மணிக்கு 96 மைலுக்கு மேல் சென்றது. டீசல் வண்டி 86 மைல் வேகத்திலேயே சென்றது. ஆனால் 500 மைலையும் அது ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது! எரிபொருள் நிரப்ப நிற்கவில்லை. சக்கரம் மாற்ற நிற்கவில்லை. அதற்குமுன் அப்பந்தயத்தில் எவரும் அவ்வாறு செய்ததில்லை. அதற்குக் கிடைத்தது 13-ஆம் இடம். இடத்தைவிட, அது நில்லாமல் வந்த வழியே கருதத்தக்கது.

கம்மின்ஸ் நிறுவனத்தார் 1952-இல் மீண்டும் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. இம்முறை அவர்கள் சிக்கனத்தை நாடவில்லை, வேகத்தையே நாடினர். ஆறு உருளைகள் கொண்ட 6.6 லிட்டர் எஞ்சினை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்தனர். அதனால் வண்டி நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்து நின்றது. எஞ்சினின் கழிவு வாயுவைக் கொண்டே ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றை உருளைக்குள் திணிக்கும் டர்போ சார்ஜர் என்னும் கருவியையும் பொருத்தினர். காற்று மிகுந்தால் எரிக்கக்கூடிய எண்ணெயும் மிகும், ஆற்றல் பெருகும். பிரெட் அகபாசியன் ஓட்டிய அவ்வண்டி, தகுதிச் சுற்றுகளில் மணிக்குச் சராசரி 138 மைல், அதாவது ஏறக்குறைய 222 கிலோமீட்டர் வேகம் கண்டு, பந்தயத் தொடக்க வரிசையில் முதலிடத்தில் நின்றது.

பந்தய நாளன்று நடந்ததோ வருந்தத்தக்கது. டர்போவுக்குக் காற்று செல்லும் வாய் வண்டியின் முன்புறத்தில் தாழ்வாக அமைந்திருந்தது. முன்னே ஓடிய வண்டிகளின் டயர்கள் தேய்ந்து உதிர்த்த ரப்பர்த் துணுக்குகளையும் தூசியையும் அது உறிஞ்சிக்கொண்டே சென்றது. 200 சுற்றுகளில் 71 சுற்றுகள் முடிவதற்குள் அதன் மூச்சு அடைபட்டது. கரும்புகை சூழ, அவ்வண்டி களத்தை விட்டு விலகியது. எஞ்சின் பழுதாகவில்லை, மூச்சுக் குழாயின் வாய் ஒரு சாண் மேலே இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது. பொறியியலில் பெரிய கருத்து வெல்வதும் தோற்பதும் பலமுறை இத்தகைய சிறிய இடங்களில்தான்.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் டீசல் எஞ்சின் பந்தயக் களத்தில் குறிப்பிடத்தக்க இடம் பெறவில்லை. அதற்குள் எஞ்சின் மாறிவந்தது. எண்ணெயைப் பேரழுத்தத்தில் தெளிக்கும் முறையும், தெளிக்கும் நொடியையும் அளவையும் மின்னணுக் கருவியால் ஆளும் முறையும் தோன்றின. 1998-இல் செருமனியின் நூர்பர்க்ரிங் என்னும் களத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் டீசல் கார் ஒன்று வென்றது. ஊகத்துக்கு இடமின்றிக் காலம் கனிந்துவிட்டது.

இனி லெ மான்ஸ் பந்தயத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிரான்சு நாட்டிலுள்ள அவ்வூரில் 1923 முதல் நடைபெறும் பந்தயம் அது. பிற்பகல் தொடங்கி மறுநாள் பிற்பகல் வரை 24 மணி நேரம் இடைவிடாது ஓட வேண்டும். களத்தின் ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதன் ஒரு பகுதி மற்ற நாட்களில் மக்கள் செல்லும் பொதுச்சாலை. ஒரு வண்டியை இருவரோ மூவரோ முறைவைத்து ஓட்டுவர். மிகுந்த தொலைவு சென்ற வண்டியே வெற்றி பெறும். இருளில், சில ஆண்டுகளில் மழையில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்ல வேண்டிவரும்.

இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஒரு வண்டி 380 சுற்றுகள் ஓடுவதாகக் கொள்வோம். ஒருமுறை எண்ணெய் நிரப்பினால் 12 சுற்றுகள் செல்லும் வண்டி, இடையில் 31 முறை நிற்க வேண்டும். 14 சுற்றுகள் செல்லும் வண்டிக்கு 27 முறை போதும். ஒருமுறை வேகம் குறைத்து, நின்று, நிரப்பி, மீண்டும் புறப்பட ஒரு நிமிடம் வீணாகும் எனின், நான்கு நிமிடங்கள் மிச்சம். ஒரு சுற்றுக்கு மூன்றரை நிமிடமே ஆகும் களத்தில், அது ஒரு முழுச் சுற்றுக்கும் மேற்பட்ட ஆதாயம். ஓடாமலே ஈட்டிய ஆதாயம் என்றும் கூறலாம். 1931-இல் டேவ் எவன்ஸ் நில்லாமல் ஓடிக் காட்டிய அந்த வழியை இப்போது செருமானியர் கையிலெடுத்தனர்.

அவ்வாறு முன்வந்தது ஆடி என்னும் கார் நிறுவனம். நம் ஆடி மாதத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. நிறுவனர் ஆகஸ்டு ஹோர்க்கு தம் பெயரைத் தம் புதிய தொழிலுக்கு வைக்கச் சட்டம் இடந்தராதபோது, நண்பர் வீட்டில் இலத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவன் ஒருவன், 'ஹோர்க்கு' என்பதன் பொருளை அப்படியே இலத்தீனில் பெயர்த்து 'ஆடி' எனக் கூறினான் என்பர். 'கேள், செவிகொடு' என்பது அதன் பொருள்.

ஆடி நிறுவனத்தார் உருவாக்கிய பந்தய வண்டி ஆர் 10 டி.டி.ஐ. எனப் பெயர் பெற்றது. அதன் எஞ்சினில் 12 உருளைகள், கொள்ளளவு 5.5 லிட்டர், இரண்டு டர்போ சார்ஜர்கள். உருளைக் கட்டை வார்ப்பிரும்பாலன்றி அலுமினியத்தால் ஆயது. எண்ணெய், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1600 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தெளிக்கப்பட்டது. ஆற்றல் 650 குதிரைத்திறனுக்கு மேல். இதனினும் வியக்கத்தக்கது அதன் முறுக்குவிசை. தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நிலையில் நிற்கும் தேரைப் பெயர்ப்பதே கடினம். அதற்கு வேண்டியது வேகமன்று, இழுப்பு. சுழலும் எஞ்சினின் அத்தகைய இழுப்பே முறுக்குவிசை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கினால் அதன் மறுமுனை எத்துணை முறுக்கப்படுமோ, அத்துணை விசையை அந்த எஞ்சின் தந்தது. வளைவுகளில் வேகம் குறைந்த வண்டி மீண்டும் எழும்போது இவ்விழுப்பு கைகொடுத்தது.

மற்றொரு புதுமை அதன் அமைதி. டர்போவும், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் ஓசையை விழுங்கிவிட்டன. மற்ற வண்டிகள் அலறிக்கொண்டு செல்ல, இது காற்றைக் கிழிக்கும் ஒலியோடு கடந்து சென்றது. எஞ்சினின் ஓசை கேட்டுக் கியர் மாற்றிப் பழகிய ஓட்டுநர்கள், இதில் விளக்குகளைப் பார்த்தே மாற்ற வேண்டியிருந்தது. 'கேள்' என்று பெயர் வைத்த நிறுவனத்தின் வண்டியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமற் போனது வேடிக்கையே! கரும்புகையும் இல்லை. கிணற்றடி எஞ்சினின் இரண்டு அடையாளங்களும் அதனிடம் காணப்படவில்லை.

2006-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் அமெரிக்காவில், பழைய விமானத் தளமொன்றைக் களமாக மாற்றி அமைத்த செப்ரிங்கில், 12 மணி நேரப் பந்தயத்தில் அது முதன்முதலாக இறங்கி வென்றது. ருடால்ப் டீசல் பிறந்த அதே மார்ச்சு 18! அவ்வாண்டு சூன் மாதத்தில் லெ மான்ஸிலும் வென்றது. பிராங்க் பியேலா, எமானுவேலே பிரோ, மார்க்கோ வெர்னர் ஆகிய மூவர் அதனை ஓட்டினர். லெ மான்ஸ் பந்தயத்தில் டீசல் வண்டி பெற்ற முதல் வெற்றி அதுவே. உடன் ஓடிய மற்றோர் ஆர் 10 வண்டி நாசில் பழுதால் நேரத்தை இழந்து மூன்றாவதாக வந்தது. 2007-இலும் ஆடியே வென்றது. 2008-இல் பிரெஞ்சு நிறுவனமான பெழோவும் டீசல் வண்டிகளுடன் போட்டியிட்டது. அவை ஆடியைவிட ஒரு சுற்றுக்குச் சில நொடிகள் விரைவானவை. ஆயினும் மழை பெய்த இரவில் ஆடியினர் பிழையின்றி ஓட்டி வென்றனர். 2009-இல் பெழோ வென்று பழிதீர்த்துக்கொண்டது.

இவ்வெற்றிகள் டீசலின் தனிச்சிறப்பால் மட்டுமே வந்தவை எனக் கூறுதல் நேர்மையாகாது. பந்தய விதிகள் டீசல் எஞ்சினுக்குப் பெரிய கொள்ளளவை அனுமதித்தன. டர்போவின் காற்றழுத்தத்திலும் சலுகை இருந்தது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் இது நடுவுநிலைமை அன்று என முறையிட்டனர். அம்முறையீட்டில் உண்மை இருந்தது என்பதே என் கருத்து. 2007 முதல் டீசல் வண்டியின் எண்ணெய்க்கலம் 90 லிட்டரிலிருந்து 81 லிட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னரும் விதிகள் படிப்படியாக இறுக்கப்பட்டன. அப்படியிருந்தும் 2014 வரை டீசல் வண்டிகளே வென்றுகொண்டிருந்தன.

பந்தயக் களத்துக்கு வெளியேயும் டீசல் தன் வேகத்தைக் காட்டியது. நம் ஊர்களில் ஏரி தூர்வாரவும் பள்ளம் தோண்டவும் வரும் மஞ்சள் நிற இயந்திரத்தை ஜே.சி.பி. என அழைக்கிறோமன்றோ? அதைச் செய்யும் ஆங்கில நிறுவனம், அவ்வியந்திரத்தின் எஞ்சினையே அடிப்படையாகக் கொண்டு இரண்டு எஞ்சின்களைத் திருத்தி அமைத்து, அம்பு போன்ற நீண்ட வண்டியில் பொருத்தியது. 2006 ஆகஸ்டு 23-ஆம் நாள் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் ஆண்டி கிரீன் என்பவர் அதனை மணிக்கு 563 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். டக்கார் என்னும் நெடுந்தொலைவுப் பாலைவனப் பந்தயத்திலும் 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகள் போக்ஸ்வாகன் டீசல் வண்டி வென்றது.

தமிழ்நாட்டிலும் இக்காற்று வீசியது. முன்னாளில் சோழவரத்தில், உலகப் போர்க் கால விமானத் தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயக் களம் அமைந்தது. 2010-இல் இந்தியாவில் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயத்தில், இளம் ஓட்டுநர்கள் 1.6 லிட்டர் டீசல் எஞ்சின் பூட்டிய சிறிய கார்களில் அக்களத்திலும் கோவைக் களத்திலும் போட்டியிட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அப்போட்டி பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியது.

லெ மான்ஸிலும் டீசலின் காலம் முடிந்தது. பெழோ 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விலகியது. 2015-இல், ஆடி நிறுவனம் அடங்கிய போக்ஸ்வாகன் குழுமம், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலைத் தன் டீசல் கார்களில் மறைத்து வைத்திருந்தது வெளிப்பட்டது. பந்தய வண்டிகள் அக்குற்றத்தில் தொடர்புடையன அல்ல. எனினும் டீசலின் பெயர் மக்களிடையே கெட்டது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஆடியும் அப்பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட தமிழரைக் காண்போம். அவர் நரேன் கார்த்திகேயன். 1977-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கல் நாளில், சென்னையில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். தந்தையாரும் மோட்டார்ப் பந்தய வீரர். நரேன் 1993-இல் இருங்காட்டுக்கோட்டையில் சிறிய பந்தய வண்டியில் தம் முதல் போட்டியை ஓட்டினார். 2005-இல் ஜார்டன் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு இந்தியானாபொலிசில் நான்காவதாக வந்தார். டயர்ச் சிக்கலால் ஆறு வண்டிகளே ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2009-இல் கோலெஸ் என்னும் தனியார் அணி, ஆடி நிறுவனம் பயன்படுத்தி முடித்த ஆர் 10 டீசல் வண்டிகள் இரண்டினை லெ மான்ஸுக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்றை ஓட்டும் மூவருள் நரேனும் ஒருவர். மற்ற இருவர், நெதர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், செருமானியரான ஆந்திரே லோட்டரர். லோட்டரர் லெ மான்ஸுக்கு வந்தது அதுவே முதன்முறை. சூன் 13-ஆம் நாள் பந்தயம் தொடங்கும் நேரம் நெருங்கியது. வண்டிகள் வரிசையில் நின்றன. களத்தை ஒட்டிய சிறு மதிலைத் தாண்டும்போது நரேன் தவறி விழுந்தார். தோள் மூட்டு நழுவிவிட்டது. வண்டியில் ஏறக்கூடாது என மருத்துவர்கள் தடுத்துவிட்டனர். பார்முலா ஒன் வண்டிகளில் பல்லாயிரம் கிலோமீட்டர் காணாத தீங்கை, இடுப்பளவு மதில் ஒன்று செய்துவிட்டது. 650 குதிரைத்திறன் எஞ்சின் குறையேதுமின்றிக் காத்திருந்தது. ஓட்ட வந்தவர் கட்டுப் போட்ட தோளுடன் நிற்க வேண்டியதாயிற்று.

எஞ்சியவர் இருவர். 24 மணி நேரத்தை இருவரே பகிர வேண்டும். ஒருவர் மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்பது விதி. ஆதலால் ஒருவர் தளர்ந்தாலும் மற்றவர் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. மூவர் ஓட்டும் வண்டியில் ஒருவர் ஓட்டி முடித்தால் இரு முறைகள் ஓய்வு கிடைக்கும். இங்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆடி நிறுவனத்தின் புதிய வண்டிகளும் பெழோ வண்டிகளும் முன்னே ஓட, அந்தப் பழைய டீசல் வண்டி இரவைக் கடந்தது; விடியலைக் கடந்தது; மறுநாள் பிற்பகல் ஏழாவது இடத்தில் பந்தயத்தை முடித்தது. மூவர் முறையாக ஓட்டிய அதே அணியின் மற்றொரு வண்டி ஒன்பதாவதாகவே வந்தது.

அந்த இரவில் லோட்டரர் ஓட்டிய திறத்தை ஆடி நிறுவனத்தார் கவனித்தனர். மறு ஆண்டே அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். 2011-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஆடியின் மூன்று வண்டிகளுள் இரண்டு மோதி நொறுங்கின. ஓட்டியவர்கள் உயிர் பிழைத்தது வியப்பே. எஞ்சிய ஒற்றை வண்டியைப் பெழோ வண்டிகள் இறுதி மணி வரை துரத்தின. கடைசியில் அதனை ஓட்டியவர் லோட்டரர். 24 மணி நேரம் கழிந்து எல்லைக் கோட்டைக் கடந்தபோது அவருக்கும் அடுத்து வந்த பெழோ வண்டிக்கும் இடையிலிருந்த நேரம் 13.854 நொடி. மேல்சித்தாமூர்க் கிணற்றடியில் ஆயில் எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றி அதை ஓடவைப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.